மண்டபத்தில் பச்சை, திண்ணை நிழலில் நீலம்: ஒயிட் பேலன்ஸ் பிழைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வேலூர் வட்டாரத்தில் காலை முகூர்த்தம் எடுப்பவருக்கு ஒரே நாளில் நாலைந்து ஒளி வந்துபோகும். விடியுமுன் வாசலில் சீரியல் லைட், உள்ளே கூரையில் ட்யூப்லைட், மேடையில் மஞ்சள் ஃபோகஸ், மணவறை முன்னால் ஹோமத் தீ, பத்து மணிக்கு வெளியே வந்தால் கொளுத்தும் வெயில். நம் கண் இதையெல்லாம் தானே சரிக்கட்டிக்கொள்கிறது. கேமராவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்; அப்படிச் சொல்லும் அமைப்புதான் ஒயிட் பேலன்ஸ்.

உங்கள் படத்தில் தெரியும் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அதற்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில். எதைத் தொடுமுன்னும் கீழே உள்ள ஒரு நிமிடச் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள். பாதிப் பிழை அங்கேயே பிடிபடும்.

முதல் சோதனை: ஒரே ஒளியா, இரண்டு ஒளியா?

வெள்ளை அட்டை ஒன்றை நடுவில் மடித்து, பாதி திறந்த புத்தகம்போல், ஆள் நிற்கப்போகும் இடத்தில் முக உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். மடிப்பு கேமராவைப் பார்க்கட்டும். ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருந்தால் ஒரே ஒளி. அந்த நிறம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கேமரா அமைப்பிலேயே சரியாகிவிடும். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம் என்றால் இரண்டு ஒளி. கெல்வின் எண்ணை (ஒளியின் நிறத்தைக் கேமராவுக்குச் சொல்லும் அளவு) எப்படித் திருப்பினாலும் ஒரு பக்கம் கெட்டே தீரும். அங்கே மாற்ற வேண்டியது விளக்கை, அல்லது ஆள் நிற்கும் இடத்தை. மணிக்கணக்காக மெனுவோடு மல்லுக்கட்டுபவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஒளியை ஒரே எண்ணில் அடக்கப் பார்க்கிறவர்கள்தான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கேமராவில் கெல்வின் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும், குறைத்தால் நீலமாகும். குண்டு பல்பு 2800 பக்கம், வெயில் 5200 முதல் 5500, மேகமூட்டம் 6000 முதல் 6500, நிழல் 7000 முதல் 8000.

அறிகுறி: எங்கே எடுத்தாலும், எல்லாப் படத்திலும் ஒரே நிறம் அடிக்கிறது

*நேற்றைய அமைப்பு மிச்சமிருக்கிறதா?* ராத்திரி ரிசப்ஷனுக்கு 3200 வைத்துவிட்டு, காலையில் அப்படியே வெயிலில் எடுத்தால் எல்லாமே நீலம். எண்ணை மாற்றினால் தீர்ந்தது.

*ஒயிட் பேலன்ஸ் ஷிஃப்ட் நகர்ந்திருக்கிறதா?* அடிக்கடி கண்ணுக்குத் தப்புவது இதுதான். நீலம்–அம்பர், பச்சை–மெஜந்தா என்று இரண்டு அச்சுள்ள கட்டம் ஒன்று மெனுவில் இருக்கும். அதில் புள்ளி நடுவில் இல்லையென்றால், எந்த ஒயிட் பேலன்ஸ் வைத்தாலும் அதன் மேல் அந்த நிறம் ஏறிக்கொண்டே இருக்கும். புள்ளியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்திலேயே இருக்கும் பிராக்கெட்டிங்கையும் (ஒரே காட்சியைப் பல நிறச் சாயலில் பதிவது) அணையுங்கள்.

*லென்ஸ் முன்னால் என்ன இருக்கிறது?* மலிவான யு.வி. ஃபில்டரும் என்.டி. ஃபில்டரும் பழுப்போ மெஜந்தாவோ ஏற்றும். கழற்றி ஒன்று, மாட்டி ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும். அதிலும் வித்தியாசம் இல்லையென்றால் வேறு லென்ஸ் போட்டுப் பாருங்கள். பழைய லென்ஸ்கள் சிலவற்றில் கண்ணாடியே காலப்போக்கில் மஞ்சளாகிவிடும். லென்ஸைக் கழற்றி வெள்ளைத்தாள் மேல் பிடித்துப் பார்த்தால் போதும்.

இவ்வளவுக்கும் அசையவில்லையென்றால் கேமராவை ஃபேக்டரி ரீசெட் செய்து, ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பு), நடுப்பகல் வெயிலில், 5200 வைத்து நிறச் சாயலில்லாத ஒரு சாம்பல் அட்டையை எடுங்கள். அந்தப் படத்திலும் கண்ணில் குத்துகிற அளவு நிறம் இருந்தால் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: வீட்டுக்குள் ட்யூப்லைட்டில் முகம் நீலமாகிறது

ட்யூப்லைட்டில் எடுக்கிறோமே என்று கேமராவில் ட்யூப்லைட் படம் போட்ட அமைப்பை வைத்திருப்பீர்கள். பல கேமராக்களில் அது 4000 கெல்வினைச் சுற்றியே இருக்கிறது. நம் ஊர் வீடுகளில் மாட்டியிருப்பதோ பெரும்பாலும் ‘கூல் டேலைட்’ எனப்படும் 6500 கெல்வின். எல்.இ.டி. ட்யூப்பும் அப்படியே. அந்த 2500 வித்தியாசம்தான் முகத்தில் ஏறும் நீலம்.

கெல்வின் முறைக்கு மாறி 6000இலிருந்து 6500க்குள் வையுங்கள். பல நிக்கான் கேமராக்களில் ட்யூப்லைட் வகைக்குள்ளேயே பல தேர்வுகள் உண்டு. அதில் ‘டேலைட் ஃபுளோரசென்ட்’ 6500. இதன் பிறகும் லேசாகப் பச்சை தெரிந்தால் ஷிஃப்ட் கட்டத்தில் மெஜந்தா பக்கம் இரண்டு மூன்று படி தள்ளலாம். முடிந்ததும் திரும்ப நடுவுக்கு.

அறிகுறி: மண்டபத்தில் முகத்தின் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் பச்சை அல்லது நீலம்

முதல் சோதனையில் இரண்டு ஒளி என்று வந்திருக்கும். காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் என்று எந்த ஊர் மண்டபமானாலும் கதை பெரும்பாலும் ஒன்றே: கூரையில் 6500 ட்யூப், மணவறையில் 3000 மஞ்சள் ஃபோகஸ், வீடியோக்காரர் கையில் 5600 எல்.இ.டி. பேனல், பக்கக் கதவு வழியாகப் பகல்.

1. விளக்கைக் குறையுங்கள். மேடைக்கு நேர் மேலே உள்ள ட்யூப் வரிசையை மட்டும் அணைக்க முடியுமா என்று மண்டப எலெக்ட்ரீஷியனிடம் முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் முன்பே கேளுங்கள். தாலி கட்டும்போது கேட்டால் நடக்காது.

2. வீடியோக்காரரோடு ஒத்துப்போங்கள். அவர் பேனலில் நிறம் மாற்றும் திருகு இருந்தால், மஞ்சள் ஃபோகஸ் ஓங்கியிருக்கும் மேடையில் 3200, ட்யூப் ஓங்கியிருந்தால் 5600 வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கேமராவும் ஒரே எண். அவர் வேலையும் இதனால் எளிதாகும். பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

3. இடத்தை மாற்றுங்கள். கதவுப் பகல் முகத்தில் பக்கவாட்டில் விழுந்தால்தான் இடைஞ்சல். குடும்பப் படத்துக்கு அவர்களைக் கதவுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தால் நீலம் முடி ஓரத்தோடு நின்றுவிடும்.

4. ஃபிளாஷை ஓங்க விடுங்கள். மண்டப ஒளி மட்டும் இருந்தால் படம் இரண்டு ஸ்டாப் இருட்டாக (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும்) வரும்படி வைத்துவிட்டு, ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 4, 1/160 என்ற அளவிலிருந்து தொடங்கி ஃபிளாஷைக் கூரையில் அடித்துத் தெறிக்க விடுங்கள். முகத்தில் ஃபிளாஷ் நிறமே நிற்கும், 5500 போதும். கூரையும் பக்கச் சுவரும் வெள்ளையா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு அடியுங்கள். பிஸ்தா பச்சை, ரோஸ் என்று சுவர் பூசிய மண்டபம் நிறைய. அதில் பட்டுத் திரும்பும் ஒளி அந்தப் பூச்சையே முகத்தில் பூசும். அப்படிப்பட்ட இடத்தில் தெறிக்க விடாமல் சின்ன சாஃப்ட்பாக்ஸோ வெள்ளைக் குடையோ போடுங்கள். துணி மஞ்சளித்த பழைய சாஃப்ட்பாக்ஸ் வேண்டாம்.

5. ஃபிளாஷில் ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) போடுங்கள். மேடையின் மஞ்சள் அழகு போகக்கூடாது என்றால் இதுதான் வழி. முழு ஆரஞ்சு ஜெல் ஃபிளாஷை 3200 கெல்வினுக்கு அருகில் இறக்கும், அரை ஜெல் 3800 பக்கம். கேமராவிலும் அதே எண். முழு ஜெல் ஒரு ஸ்டாப் வரை ஒளியைத் தின்னும், ஃபிளாஷ் பவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ட்யூப்லைட் பச்சை அடிக்கும் மண்டபத்தில் ஆரஞ்சு உதவாது; ஃபிளாஷில் லேசான பச்சை ஜெல் போட்டு, கேமராவில் மெஜந்தா ஏற்றினால் இரண்டும் சேர்ந்து வெளுக்கும். ஜெல் கட்டு சில நூறு ரூபாய்தான். ஜெல் போட்டபின் எண்ணை மாற்ற மறப்பது, வெளியே வந்தபின் ஜெல்லைக் கழற்ற மறப்பது, இரண்டுமே நடக்கும்.

எடுத்து முடித்துவிட்ட படத்தில் இரண்டு நிறம் இருந்தால், லைட்ரூம் மென்பொருளில் முகத்துக்கு மட்டும் மாஸ்க் வரைந்து அங்கே நிறத்தை நகர்த்தலாம். ஆல்பத்தின் முதல் பத்துப் படத்துக்குச் செய்யலாம். ஆயிரம் படத்துக்குச் செய்ய முடியாது.

அறிகுறி: ஒரே இடத்தில் அடுத்தடுத்து எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம்

காரணம் இரண்டு. பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும், தீர்வு முற்றிலும் வேறு. பிரித்தறிய: கெல்வினை ஓர் எண்ணில் பூட்டி, ஷட்டர் வேகம் 1/500இல் பத்துப் படம் தொடர்ச்சியாக எடுங்கள். பிறகு 1/100இல் பத்து.

*இரண்டிலும் நிறம் நிலையாக இருந்தால்* குற்றவாளி ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். அது ஒவ்வொரு படத்தையும் புதிதாகப் பார்த்து முடிவெடுக்கிறது. சட்டகத்துக்குள் யார் என்ன நிறத்தில் வந்தாலும் அதன் முடிவு மாறும். அட்சதை போட வருகிறவர்கள் வரிசையை எடுக்கும்போது ஆட்டோவில் வைக்காதீர்கள். நடந்துகொண்டே எடுக்கும் ஊர்வலத்தில், மாப்பிள்ளை அழைப்பில், ஒளி அடிக்கடி மாறும் இடத்தில் ஆட்டோ நல்லதுதான். ஒளி மாறாத இடத்தில் எண்ணைப் பூட்ட வேண்டும்.

*1/500இல் மாறி, 1/100இல் நிலையாக இருந்தால்* விளக்கு துடிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஏற்றத்தில் ஒரு நிறம், இறக்கத்தில் இன்னொன்று. 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒவ்வொரு படமும் முழுத் துடிப்பையும் வாங்கிக்கொள்ளும். வேகம் தேவையென்றால் கேமராவின் ஆன்டி-ஃபிளிக்கரைப் போடுங்கள். அது விளக்கு உச்சத்தில் இருக்கும் கணம் பார்த்து ஷட்டரைத் திறக்கும். கரன்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது அதன் ஹெர்ட்ஸ் கொஞ்சம் அலையக்கூடும். அப்போது 1/50 பாதுகாப்பு.

*1/100இலும் மாறினால்*, அல்லது படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால், மேடை எல்.இ.டி. இன்னும் வேகமாகத் துடிக்கிறது. எலெக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். டிம்மரில் குறைத்து வைத்த விளக்குதான் பெரும்பாலும் இதைச் செய்யும். முழு வெளிச்சத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: அரக்குப் பட்டு சாயம் போனதுபோல், நலங்கு மஞ்சள் வெளிறி

சட்டகம் முழுக்க அரக்கு நிறம் நிறைந்தால், ஆட்டோ அதை ‘ஒளியே சிவப்பு’ என்று எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் தள்ளும். முகம் சோகை பிடித்ததுபோல் வரும். நலங்கில் மஞ்சள் பூசிய முகத்தை நெருங்கி எடுத்தால் நீலம் ஏற்றும். தூரத்தில் நின்று எடுத்த படம் சரி, நெருங்கி எடுத்தது தப்பு என்றால் இதுவே காரணம். எண்ணைப் பூட்டுங்கள், அவ்வளவுதான்.

பூட்டியும் சிவப்பு மட்டும் கட்டியாக, மடிப்புத் தெரியாமல் இருக்கிறதா? அது ஒயிட் பேலன்ஸ் கோளாறு இல்லை. ஆர்.ஜி.பி. ஹிஸ்டோகிராமில் (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சிவப்பு வலப்பக்கச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். பொதுவான ஹிஸ்டோகிராமில் அது தெரியாது. எக்ஸ்போஷரை 2/3 ஸ்டாப் குறைத்து, ‘விவிட்’ பாணியிலிருந்து ‘ஸ்டாண்டர்டு’ அல்லது ‘நியூட்ரல்’ பாணிக்கு வாருங்கள்.

ஆரணிப் பட்டில் மயில்கழுத்து நிறம் எடுத்தவர்கள் ‘ஒரு படத்தில் பச்சை, ஒரு படத்தில் நீலம்’ என்று கேமராவைத் திட்டுவதுண்டு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் வைத்து நெய்த துணி அது. கோணம் மாறினால் நிறம் மாறுவதுதான் அதன் அழகு. வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: நிழலில் நீலம், மரத்தடியில் பச்சை, பந்தலில் சிவப்பு

திண்ணை நிழலில் விழுவது நீல வானத்தின் ஒளி. 7000 வையுங்கள். ஏலகிரி மூடுபனியில் 6500 போதும். அதற்கு மேல் போனால் பனியே மஞ்சளாகி, மலை ஏறிய பயனே இல்லாமல் போகும்.

வேப்பமரத்தடிப் பச்சைக்குக் கெல்வின் பயன்படாது. அது நீலம்–மஞ்சளை மட்டுமே நகர்த்தும். பச்சைக்கு மெஜந்தா ஷிஃப்ட். நிறத்துணி ஷாமியானாவுக்குள் ஒளியே வண்ணம் என்பதால் ஆளை ஓரத்துக்குக் கொண்டுவந்து திறந்த வானம் பார்க்க நிறுத்துங்கள்.

அறிகுறி: நீல, ஊதா மேடை விளக்கில் முகமே அழிந்துவிட்டது

ஒற்றை நிற எல்.இ.டி.யில் மற்ற நிறங்கள் கிட்டத்தட்ட இல்லை. இல்லாத நிறத்தை எந்த ஒயிட் பேலன்ஸும் கொண்டுவராது. சோடியம் தெருவிளக்கின் ஆரஞ்சும் அதே சங்கதி. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து அந்த நிறம் முட்டாமல் காப்பாற்றுங்கள், முகத்துக்கு ஃபிளாஷ் கொடுங்கள். ஃபிளாஷ் போட முடியாத இடமென்றால் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கொடுப்பதே நேர்மையான வழி.

அறிகுறி: சாம்பல் அட்டை வைத்து அளந்தும் நிறம் தப்பு

அட்டை இருந்த இடம்தான் முதல் சந்தேகம். நீங்கள் நிற்கும் இடத்தில் அட்டையைப் பிடித்தால் உங்கள் மேல் விழும் ஒளியைத்தான் அளந்தீர்கள். மணமக்கள் முகத்துக்குப் பக்கத்தில், முகம் பார்க்கும் திசையிலேயே அட்டை இருக்க வேண்டும். பிடிப்பவரின் பட்டுச் சேலை அட்டையில் எதிரொளிக்கக்கூடாது. சட்டகத்தின் நடுப்பகுதி முழுக்க அட்டை, ஃபோகஸ் மேனுவலில், வெளிச்சம் முட்டாமல்.

கேனானில் அட்டையைப் படமெடுத்து, மெனுவில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸுக்கு அந்தப் படத்தைக் காட்டிய பிறகு, ஒயிட் பேலன்ஸ் அமைப்பையும் கஸ்டமுக்கு மாற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பவர்கள் ஏராளம். நிக்கானில் ப்ரீசெட் மேனுவல், சோனியில் கஸ்டம் செட். ஃபிளாஷ் போட்டு எடுக்கப் போகிறீர்கள் என்றால் அளவும் ஃபிளாஷ் போட்டே எடுங்கள்.

அட்டை இல்லாமல் ஏ4 தாளையோ வெள்ளை வேட்டியையோ அளந்தீர்களா? தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்கிறது. புற ஊதா பட்டால் அது நீலமாக ஒளிரும். வேட்டியிலோ அதோடு சொட்டு நீலமும் சேரும். கேமரா அந்த நீலத்தை வெள்ளையாக்க மஞ்சள் ஏற்றும், படம் முழுக்க மஞ்சள். லைட்ரூமில் துளிசொட்டியை (நிறச் சாயலில்லாத இடத்தைத் தொட்டுக் காட்டும் கருவி) மாப்பிள்ளை வேட்டியில் வைத்தாலும் இதே விளைவு. மல்லிகைப்பூ சற்றே பால்மஞ்சள். அதில் வைத்தால் படம் நீலம் பக்கம் போகும். விபூதியில் அடியில் இருக்கும் தோல் தெரியும். ஒரு சாம்பல் அட்டை வாங்கிவிடுங்கள், சில நூறு ரூபாய்க்கு வருடக்கணக்கில் நிம்மதி.

அறிகுறி: காலணி, தோல்பை நிறம் பொருளோடு ஒத்துப்போகவில்லை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டுப் பக்கம் தோல் பொருள் படமெடுப்பவர்களுக்கு இது பிழைப்பு விஷயம். ‘டேன்’ நிறம் அரைப்படி மாறினாலும் வாங்குபவர் வேறு பொருள் என்பார்.

விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. எண் (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) பாருங்கள். 80 போட்ட வீட்டு எல்.இ.டி.யில் சிவப்பும் பழுப்பும் செத்துப்போகும்; 95க்கு மேல் வேண்டும். சன்னலை மூடி ஒரே வகை விளக்கில் மட்டும் எடுங்கள். அதற்கு மேலும் பழுப்பு ஒத்துவரவில்லையென்றால், 24 கட்ட வண்ண அட்டையை ஒரு படத்தில் சேர்த்து எடுத்து, அந்த விளக்குக்கென்றே கேமரா புரொஃபைல் செய்துகொள்ளுங்கள். சாம்பல் அட்டை சாம்பலை மட்டுமே சரிசெய்யும்.

கறுப்புத் தோல் மட்டும் செம்பழுப்பாக வருகிறதா? ஹாலஜன் விளக்கா என்று பாருங்கள். ஹாலஜனில் அகச்சிவப்பு மிகுதி. சில கறுப்புச் சாயங்கள் அதை விழுங்காமல் திருப்பி அனுப்பும். எல்.இ.டி.க்கு மாறினால் கறுப்பு கறுப்பாகிவிடும்.

அறிகுறி: கேமராத் திரையில் சரி, கணினியிலோ ஆல்பத்திலோ தப்பு

கணினியில் ‘நைட் லைட்’, போனில் கண் பாதுகாப்பு முறை ஓடுகிறதா பாருங்கள். வாடிக்கையாளர் ‘மஞ்சளாக இருக்கிறது’ என்று இரவில் அனுப்பும் புகாரில் பல இதோடு முடியும். அடுத்து, அடோபி ஆர்.ஜி.பி. என்ற வண்ண வரம்பில் ஏற்றுமதி செய்த படம் பல போன்களில் மங்கித் தெரியும், எஸ்.ஆர்.ஜி.பி.யில் அனுப்புங்கள்.

ஆல்பம் மட்டும் தப்பு என்றால் முழு ஆல்பத்துக்குமுன் நாலுக்கு ஆறு அளவில் மூன்று சோதனைப் பிரதி போடச் சொல்லுங்கள்: ஒரு முகம், ஒரு வேட்டி, ஒரு பட்டு. லேபில் தானாகச் செய்யும் வண்ணத் திருத்தத்தை அணைக்கச் சொல்லி, பிரதியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அதுவும் ஒத்துவரவில்லையென்றால் உங்கள் மானிட்டர்தான் பொய் சொல்கிறது. அளவீட்டுக் கருவி வைத்திருப்பவரை அழைத்து 6500 கெல்வினுக்குச் சரிசெய்துகொள்ளுங்கள். கண்ணால் பார்த்துத் திருகுவது நிற்காது.

அறிகுறி: படத்தின் ஒரு பகுதி மட்டும் நிறம் மாறுகிறது, அல்லது ரீசெட்டுக்குப் பிறகும் நிறம் போகவில்லை

மேல் பாதி ரோஸ், கீழ்ப் பாதி சாதாரணம். அல்லது எந்த லென்ஸிலும், வெயிலிலும், ராவிலும் ஒரே இடத்தில் நிறப்பட்டை. இது சென்சார் பக்கத்துக் கோளாறு. சென்சார் முன்னால் உள்ள கண்ணாடியை நீங்களே துடைக்கவோ கழற்றவோ முயலாதீர்கள். கீறல் விழுந்தால் செலவு பல மடங்கு. லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை தெரிந்தாலும் வெளியே துடைத்துப் பயனில்லை, அதைத் திறப்பது தெரிந்தவர் வேலை. அந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே பையில் வைக்க வேண்டாம்.

ஃபிளாஷின் நிறம் மட்டும் பழையதிலிருந்து நிரந்தரமாக மாறிவிட்டால் குழாய் தேய்ந்திருக்கலாம். ஆனால் குறைந்த பவரில் லேசாக நீலம் ஏறுவது கேமரா மேல் மாட்டும் ஃபிளாஷுக்கு இயல்பு, அதற்காகக் கடைக்கு அலைய வேண்டாம். ஃபிளாஷைத் திறக்கவும் வேண்டாம். பேட்டரி எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஆபத்தான மின்சாரத்தை வைத்திருக்கும்.

அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்குப் போகும்போது கேமராவோடு மெமரி கார்டில் மூன்று கோப்பு கொண்டுபோங்கள்: வெயிலில் 5200 வைத்து எடுத்த சாம்பல் அட்டை, அதே அட்டை வேறு லென்ஸில், அதே அட்டை வேறு கேமராவில். மூன்றும் ரா கோப்பாக இருக்கட்டும்.